பெம்பர்லியைத் தேடி லைம் பார்க்குக்கு வந்தவர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பழங்கால மாளிகையொன்றைப் பழைய காலக் கதையைச் சொல்லும் தொலைக்காட்சித் தொடருக்குக் களமாகக் கொடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் படப்பிடிப்பு நடக்கும் சில நாட்களைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். தரையில் கீறல் விழுமா, திரைச்சீலையில் விளக்குச் சூடு படுமா, தோட்டத்தில் லாரி ஏறுமா என்பவை அவர்களுடைய கேள்விகள். இவை நியாயமான கேள்விகளே. ஆனால் பிபிசியின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ தொடரில் நாயகனின் வீடான பெம்பர்லியாகக் காட்டப்பட்ட, இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் உள்ள லைம் பார்க் மாளிகைக்கு 1994, 1995ஆம் ஆண்டுகளில் நேர்ந்ததைப் பார்த்தால், பெரிய வேலை படப்பிடிப்புக் குழு கிளம்பிய பிறகுதான் தொடங்கியது என்பது தெரியவரும். அந்த நிகழ்வைத் தொடக்கத்திலிருந்து வரிசையாக இங்கே பதிவு செய்கிறேன். இதில் பங்குபெற்ற தயாரிப்பாளர்கள், நடிகர்கள், ஊழியர்கள் எவரும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை.

பின்னணி: வீடும் அதன் பொறுப்பாளர்களும்

லைம் பார்க், டிஸ்லி என்னும் ஊரை அடுத்து, பீக் டிஸ்டிரிக்ட் மலைப்பகுதியின் மேற்கு விளிம்பில் இருக்கிறது. லீ குடும்பத்தார் ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாக இந்த நிலத்தின் உரிமையாளர்களாக இருந்தனர். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த வீட்டை, 1720களில் தொடங்கி, வெனிஸ் நகரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஜியாகோமோ லியோனி பெரிய அளவில் மாற்றியமைத்தார். பதினைந்து சாளர வரிசை அகலத்துக்கு நீளும் தெற்கு முகப்பும், அதன் நடுவே சுருள் தலை கொண்ட அயோனிக் தூண்கள் தாங்கும் முகமண்டபமும் அவர் வடிவமைத்தவை. அந்த முகப்புக்கு நேர் எதிரே ஓர் ஏரி உண்டு. காற்றில்லாத நாளில் முகப்பு முழுவதும் அந்த நீரில் தெரியும். தோட்டத்துக்கு அப்பால் சிவப்பு மான்கள் மேயும் பரந்த பூங்காவும், அதையும் தாண்டி மரமற்ற மேட்டுநிலமும் விரிகின்றன.

இருபதாம் நூற்றாண்டில் இத்தகைய வீடுகளை வைத்துக் காப்பது உரிமையாளர்களால் இயலாத காரியமாயிற்று. வாரிசு வரி ஏறியது, வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்று, இரண்டாம் உலகப் போரின்போது பல மாளிகைகள் அரசுத் தேவைகளுக்காக எடுத்துக்கொள்ளப்பட்டுச் சீரழிந்து திரும்பின. நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடித்துத் தள்ளப்பட்டன. வரிச்சுமையிலிருந்து தப்ப, பழைய கட்டடங்களைக் காக்கும் பொது அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டுக்கு வீட்டையே கொடுக்கும் வழியை, அதைப் பற்றிய 1937ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்டது. லைம் பார்க் 1946இல் அவ்வாறு நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுக்கப்பட்டது. உரிமை டிரஸ்டிடம் இருந்தாலும், அதை நடத்தும் பொறுப்பையும் செலவில் ஒரு பங்கையும் ஸ்டாக்போர்ட் நகராட்சி ஏற்றிருந்தது. இந்த இரட்டை ஏற்பாடு 1994 வரை நீடித்தது. அந்த ஆண்டில் டிரஸ்ட் நேரடி நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. சாதாரணமான இந்த அலுவலக மாற்றம்தான் பின்னர் நடந்த அனைத்தின் போக்கையும் தீர்மானித்தது.

தயாரிப்புக் குழு தேடியது

பிபிசி நிறுவனம், ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை ஆறு பகுதிகள் கொண்ட தொடராக எடுக்க முனைந்தபோது, பகுதி ஒன்றுக்கு ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டு செலவிடப்பட்டது. 1994 ஜூன் முதல் நவம்பர் வரை படப்பிடிப்பு நடந்தது. இருபதுக்கும் மேற்பட்ட இடங்கள் பயன்படுத்தப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை நேஷனல் டிரஸ்டுக்குச் சொந்தமானவை. கதையில் வரும் சிற்றூருக்கு வில்ட்ஷயரில் உள்ள லேகாக் கிராமமும், செருக்கு மிக்க சீமாட்டியின் மாளிகைக்கு லிங்கன்ஷயரில் உள்ள பெல்டன் ஹவுஸும் அமைந்தன.

எல்லாவற்றிலும் கடினமான தேர்வு, கதாநாயகனின் வீடான பெம்பர்லிக்கு உரியது. ஆஸ்டின் அந்த வீட்டைக் குறைந்த சொற்களில்தான் வரைகிறார்: கல்லால் கட்டப்பட்ட பெரிய வீடு, உயர்ந்து வரும் நிலத்தில் நிற்கிறது, பின்னால் மரமடர்ந்த குன்றுகள், முன்னால் ஓர் ஓடை. ஆனால் கதையில் அதன் எடை மிகப் பெரியது. முன்பு மணக்கக் கேட்டவனை மறுத்துவிட்ட பெண், அவனுடைய வீட்டைப் பார்த்த பிறகு அவனைப் பற்றிய தன் கணிப்பை மேலும் திருத்திக்கொள்கிறாள். வீடு பகட்டாக இருந்தால் அந்த மாற்றம் பேராசையாகத் தோன்றிவிடும். எளிமையாக இருந்தால் அவள் எதை இழந்தாள் என்பது பார்வையாளருக்கு உறைக்காது. ஏரிக்கு அப்பாலிருந்து பார்க்கும்போது அளவோடு கூடிய கம்பீரத்தைக் காட்டும் லைம் பார்க்கின் தெற்கு முகப்பு இந்தத் தேவைக்கு மிகச் சரியாகப் பொருந்தியது. வண்டியில் வருபவர்கள் மரங்களின் இடைவெளியில் அதை முதன்முதலாகக் காணும் காட்சியைப் பார்த்தவர்கள், இந்தத் தேர்வின் நுட்பத்தை உடனே உணர்வார்கள்.

ஒரு வீட்டை இரண்டாகப் பிரித்த முடிவு

வெளிப்புறக் காட்சிகளுக்கு லைம் பார்க் கிடைத்தது. உட்புறக் காட்சிகளையும் அங்கேயே எடுக்க இயலவில்லை. நிர்வாகம் கைமாறிக்கொண்டிருந்த ஆண்டு அது. குழு வேறு வழியின்றி, பெம்பர்லியின் உட்புறத்துக்கு டார்பிஷயரில் உள்ள சட்பரி ஹாலைத் தேர்ந்தெடுத்தது. அது தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அதுவும் நேஷனல் டிரஸ்டின் சொத்தே.

இந்த இரண்டு வீடுகளும் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. லைம் பார்க் சாம்பலும் பழுப்பும் கலந்த கல் கட்டடம். சட்பரி ஹால் 1660களில் எழும்பத் தொடங்கிய சிவப்புச் செங்கல் வீடு. சட்பரியின் பெருமை உள்ளே இருக்கிறது: எட்வர்ட் பியர்ஸ் செதுக்கிய கைப்பிடிச் சுவர் கொண்ட பெரிய மாடிப்படி, வெள்ளைச் சுண்ணச் சாந்து வேலைப்பாடு நிறைந்த கூரைகள், வீட்டின் ஒரு பக்கம் முழுவதும் நீளும் நெடுங்கூடம். நாயகி தன்னை நேசித்தவனின் உருவப்படத்தின் முன் நின்றுவிடும் காட்சிக்கு அந்த நெடுங்கூடம் இடம் கொடுத்தது.

நாவலில் பெம்பர்லி டார்பிஷயரில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. அந்த வகையில் கதைக்கு உண்மையாக நின்றது சட்பரிதான். லைம் பார்க் எல்லைக்கு இப்பால் செஷயரில் இருக்கிறது. ஆயினும் மக்கள் மனத்தில் பெம்பர்லியாக நிலைத்தது லைம் பார்க்கே. முகப்பைத்தான் நினைவு பற்றிக்கொள்கிறது.

உட்புறப் படப்பிடிப்பு நடக்காமற் போனது லைம் பார்க்குக்கு இழப்பா என்ற கேள்வி எழலாம். பாதுகாப்பு நோக்கில் பார்த்தால் இல்லை என்றே சொல்வேன். அங்கே பதினேழாம் நூற்றாண்டில் மார்ட்லேக் என்னுமிடத்தில் நெய்யப்பட்ட திரைச்சித்திரங்கள் தொங்குகின்றன. இத்தகைய பழைய நெசவுப் பொருள்கள் மீது 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒளியை அளக்கும் அலகு) மேல் ஒளி படக்கூடாது என்பது காப்பகங்களில் வழங்கும் பொது அளவு. படப்பிடிப்பு விளக்குகள் இதைப் பல மடங்கு தாண்டுபவை, கூடவே அறையின் ஈரப்பதத்தையும் குலைப்பவை. எனவே இப்படிப்பட்ட வீடுகளில் உட்புறப் படப்பிடிப்பு நடக்கும்போது, விளக்குகள் தனித் தாங்கிகளில் நிறுத்தப்படும், தரைக்குக் கம்பளியும் பலகையும் விரிக்கப்படும், அறைக்கலன்களைப் பயிற்சி பெற்ற ஊழியர் மட்டுமே நகர்த்துவர். இந்தப் பாரம் முழுவதும் சட்பரியின் மீது விழுந்தது.

திரையில் உருவான வீடு

தெற்கு முகப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பவர்கள் கண்ணில் ஒன்று படும். முக்கோண நெற்றிக்கு மேலே, கூரையின் பின்னால், கோபுரம் போன்ற ஒரு சதுரக் கட்டுமானம் எழுந்து நிற்கிறது. அது லியோனி கட்டியது அன்று. 1816க்கும் 1822க்கும் இடையே வீட்டைப் புதுப்பித்த லூயிஸ் வயட் சேர்த்தது. வேலைக்காரர்கள் படுப்பதற்கான அறைகள் அதில் அமைக்கப்பட்டன. நாவல் வெளியானது 1813இல். ஆக, திரையில் நாம் காணும் பெம்பர்லியின் உச்சியில், கதை நடந்த காலத்தில் இல்லாத ஒரு பகுதி இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தொடருக்கு இதனால் எந்தப் பழுதும் இல்லை. ஆனால் வீட்டின் சொந்த வரலாறு எவ்வளவு எளிதாகக் கதையின் பின்னால் மறைந்துபோகிறது என்பதற்கு இது தெளிவான சான்று. அந்த அறைகளில் படுத்து எழுந்தவர்களின் உழைப்பால்தான் கீழே உள்ள முகப்பு அந்த நிலையில் நின்றது.

நான்காம் பகுதியில் வரும் ஏரிக் காட்சியும் இதே போன்றதே. நாயகன் வெயிலில் குதிரை ஏறி வந்து, நீரில் குதித்து, நனைந்த சட்டையோடு நடந்து வரும்போது எதிரே நாயகியைச் சந்திக்கிறான். நாவலில் இந்த நீச்சல் இல்லை. குதிக்கும் அந்த ஒரு நொடியில் காணப்படுபவர் சண்டைக் காட்சிகளில் பதிலாளாக நடிக்கும் கலைஞர். தேங்கிய நீரிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றும் அபாயம் இருந்ததால் நடிகர் குதிக்கவில்லை. நீருக்கடியில் நீந்தும் பகுதி லண்டனின் ஈலிங் ஸ்டுடியோவில் ஒரு தொட்டியில் எடுக்கப்பட்டது. குதித்த குளமும் மாளிகைக்கு எதிரே இருக்கும் ஏரி அன்று. பூங்காவுக்குள் தள்ளி இருக்கும் ஒரு சிறு குளம். நான்கு துண்டுகள் சேர்ந்து ஒரே ஏரியாயின.

ஒளிபரப்புக்குப் பிறகு காணப்பட்டவை

தொடர் 1995 செப்டம்பர் 24 அன்று தொடங்கி அக்டோபர் 29 அன்று முடிந்தது. பிரிட்டனில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அதைப் பார்த்தனர். ஒளிபரப்பு முடியும் முன்பே வீடியோ நாடாக்கள் கடைக்கு வந்துவிட்டன. லைம் பார்க்குக்கு வருவோரின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று.

இந்தப் பெருக்கம் வந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். டிரஸ்டின் மாளிகைகள் அக்காலத்தில் அக்டோபர் இறுதியில் கதவடைத்து, குளிர்காலம் முழுவதும் துப்புரவுப் பணியிலும் பழுது பார்ப்பதிலும் ஈடுபட்டு, வசந்தத்தில் திறப்பது வழக்கம். அதாவது, மாளிகை திறந்திருக்கும் பருவத்தின் கடைசி வாரங்களில், ஊழியர்களும் தன்னார்வலர்களும் பருவத்தை முடித்துக்கொள்ளும் நேரத்தில், புல் வளர்வது நின்று மண் ஈரமாகும் நேரத்தில் கூட்டம் வந்தது. கோடையில் ஆயிரம் காலடிகளைத் தாங்கும் புல்தரை அக்டோபர் மழையில் அதில் பாதியைக்கூடத் தாங்காது.

வந்தவர்கள் எதை எதிர்பார்த்தார்கள் என்பது அடுத்த செய்தி. தொடரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தவருக்கு அந்த மாடிப்படியும் வெள்ளைக் கூரைகளும் அங்கே கிடைக்கவில்லை. லைம் பார்க்கிலும் ஒரு நெடுங்கூடம் உண்டு, ஆனால் அது முதலாம் எலிசபெத் அரசி காலத்தது. செதுக்கிய மரப்பலகைச் சுவர் கொண்ட வரவேற்பறை இருள் கவிந்து, வேறொரு நூற்றாண்டின் முகத்தோடு இருக்கிறது. புகழ்பெற்ற மரச் சிற்பி கிரின்லிங் கிப்பன்ஸின் கைவேலை என்று கருதப்படும் மரச் செதுக்கல்களும் மார்ட்லேக் திரைச்சித்திரங்களும் எந்த அருங்காட்சியகத்துக்கும் பெருமை சேர்ப்பவை. ஆனால் அவற்றைத் தேடி வந்தவர் சிலரே. மற்றவர்களுக்கு, தான் வைத்திருக்கும் செல்வத்தைக் காட்டுவதற்கு முன், தன்னிடம் இல்லாத ஒன்றைப் பற்றி அந்த வீடு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

இங்கே எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்படி வருபவர்களை விவரம் அறியாதவர்கள் என்று ஒதுக்கும் போக்கு மரபுக் கட்டடங்களைக் காப்பவர்களிடையே உண்டு. அது தவறு. நாவலில் நாயகி பெம்பர்லிக்கு எப்படி வருகிறாள்? மாமா, அத்தையுடன் ஊர் சுற்றிப் பார்க்க வந்த பயணியாக, வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில், இல்லப் பொறுப்பாளரான பெண்மணி அறை அறையாக அழைத்துச் சென்று காட்ட, வீட்டைப் பார்க்கிறாள். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தக்க தோற்றத்தோடு வரும் அந்நியர்களுக்குப் பெரிய வீடுகளைத் திறந்து காட்டுவது நடைமுறையில் இருந்தது. 1995இல் கார் நிறுத்தத்திலிருந்து ஏரியை நோக்கி நடந்தவர்கள் அந்த மரபின் தொடர்ச்சியே.

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

நிர்வாகத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன. தொடரோடு உள்ள தொடர்பை அடக்கி வாசித்து, லீ குடும்பத்தின் வரலாற்றையே முன்னிறுத்துவது ஒன்று. வந்தவர்களின் ஆர்வத்தை ஏற்று, அதன் வழியாக வீட்டை அறிமுகப்படுத்துவது மற்றொன்று. நடைமுறையில் இரண்டாம் வழியே மேலோங்கியது. படப்பிடிப்பு நடந்த இடங்களைத் தொட்டுச் செல்லும் பெம்பர்லி நடைவழி இதன் விளைவு.

நடைவழியின் பயன் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவ்வளவாகப் புலப்படாது. அது கூட்டத்தைப் பரப்புகிறது. முகப்பைப் பார்க்கும் ஒரே இடத்தில், ஏரிக்கரையில், எல்லாரும் குவிந்தால் அந்தக் கரை ஒரு பருவத்தில் சேறாகிவிடும். குளத்துக்கும் மேட்டுக்கும் வழி காட்டிவிட்டால் சுமை பூங்கா முழுவதும் பகிரப்படுகிறது. வீட்டுக்குள்ளும் நெரிசல் குறைகிறது. திரைச்சித்திரம் தொங்கும் அறையில் ஒரே நேரத்தில் அறுபது பேர் மூச்சு விடுவதும், ஈரச் செருப்போடு பழைய பலகைத் தரையில் நடப்பதும் விளக்குச் சூட்டைப் போலவே தீங்கானவை.

பணக் கணக்கு அவ்வளவு நேரானதன்று. படப்பிடிப்புக்குக் கிடைக்கும் வாடகை ஒரு முறை வருவது. டிக்கெட் வருமானம் கூடும் என்றாலும், டிரஸ்டின் உறுப்பினர்கள் கட்டணமின்றியே நுழைவார்கள். எனவே தலைகள் மூன்று மடங்கானால் வருமானமும் மூன்று மடங்காகிவிடாது. தேய்மானமோ உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர் என்று பார்ப்பதில்லை. தேநீர்க் கடையும் நினைவுப்பொருள் கடையும் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன.

பின்வந்த ஆண்டுகள்

ஒரு தொடரின் புகழ் இரண்டு மூன்று ஆண்டுகளில் அடங்கிவிடும் என்ற பொதுவான கணிப்பு இங்கே பலிக்கவில்லை. 2005இல் அதே நாவல் திரைப்படமாக வந்தபோது பெம்பர்லியாக டார்பிஷயரின் சாட்ஸ்வொர்த் மாளிகை காட்டப்பட்டது. அங்கே உருவப்படக் காட்சி சிலைக்கூடத்துக்கு மாற்றப்பட்டது. படத்துக்காகச் செய்த நாயகனின் மார்பளவுச் சிலையைச் சாட்ஸ்வொர்த் நிர்வாகம் தன்னிடமே வைத்துக்கொண்டு காட்சிப்படுத்தியது. வந்தவர் கேட்பது கண்முன் இருந்தது. முகப்பும் உட்கூடமும் ஒரே இடத்தில் எடுக்கப்பட்டதால், லைம் பார்க் சந்தித்த சிக்கல் அங்கே பெரிதாக எழ இடமில்லை.

அதன் பிறகும் லைம் பார்க்குக்கு வருவோர் குறைந்துவிடவில்லை. 2013இல் ஒரு தொலைக்காட்சி அலைவரிசையின் தொடக்கத்துக்காக, ஏரியிலிருந்து நாயகன் எழுந்து வருவது போன்ற பன்னிரண்டு அடி உயர ஃபைபர்கிளாஸ் உருவம் லண்டனின் சர்ப்பென்டைன் ஏரியில் நிறுத்தப்பட்டது. பின்னர் அது லைம் பார்க்கின் நீருக்குக் கொண்டுவரப்பட்டது. ஒளிபரப்பாகிப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது இது. தற்காலிகம் என்று நினைத்துச் செய்த ஏற்பாடுகள் ஒரு தலைமுறைக்கு நீளும் என்று 1994இல் எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

சட்பரி ஹாலின் நிலை வேறு. உட்புறத்தைக் கொடுத்து, விளக்கும் கூட்டமும் தாங்கிய அந்த வீட்டுக்கு, லைம் பார்க்குக்குக் கிடைத்த பெயரில் ஒரு சிறு பங்கே வந்தது. செங்கல் முகப்பு திரையில் வரவே இல்லை என்பதால், நேரில் வந்து நின்றாலும் அதைப் பெம்பர்லி என்று அடையாளம் காண வழியில்லை. இது அநீதி என்றே எனக்குப் படுகிறது. மாடிப்படியையும் நெடுங்கூடத்தையும் நேரில் பார்த்தவர்கள், தொடரின் உட்புறக் காட்சிகளுக்கு ஆழம் தந்தது எது என்பதை அறிவார்கள்.

மறுபடி செய்வதானால்

இரண்டு வீடுகளும் ஒரே டிரஸ்டைச் சேர்ந்தவை என்பதால், தொடக்கத்திலேயே அவற்றை ஒரே நிகழ்வாகக் கருதியிருக்கலாம். முகப்பு இங்கே, உள்ளறை அங்கே என்பதை லைம் பார்க்கின் நுழைவாயிலிலேயே, டிக்கெட் வாங்கும் முன், தெளிவாகச் சொல்லும் ஒரு பலகையும், சட்பரிக்கு வழி சொல்லும் ஒரு துண்டறிக்கையும் இருந்தால், ஏமாற்றத்தின் பெரும்பகுதி ஆர்வமாக மாறும். சட்பரிக்கும் உரிய பங்கு கிடைக்கும்.

ஒப்பந்தம் பேசும்போதே ஒளிபரப்பு எந்த மாதத்தில் வரும் என்று கேட்பது அவசியம். இலையுதிர்காலத்தில் வருமானால், அடைப்பதற்கு முந்தைய வாரங்களுக்குத் தன்னார்வலர்களை முன்கூட்டியே திரட்டவும், ஏரிக்கரைப் பாதைக்குச் சரளைக்கல் போடவும் நேரம் இருக்கும். லைம் பார்க் விஷயத்தில் படப்பிடிப்பு முடிந்து ஒளிபரப்பு தொடங்க ஏறத்தாழ பத்து மாதங்கள் இருந்தன. வாடகைத் தொகையில் ஒரு பகுதியைப் படப்பிடிப்பு நாட்களின் செலவுக்கு மட்டும் என்று எழுதாமல், பின்வரும் ஆண்டுகளின் பாதை, புல்தரை, கார் நிறுத்தம் ஆகியவற்றுக்கென ஒதுக்குவதும் அதே ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

வழிகாட்டிகள் வயட்டின் அந்தக் கோபுரத்தை ஏரிக்கரையிலிருந்தே சுட்டிக்காட்டத் தொடங்கலாம் என்பது என் பரிந்துரை. தொடரில் பார்த்த காட்சியிலிருந்தே பேச்சைத் தொடங்கி, அங்கே தங்கிய வேலைக்காரர்கள், அவர்களை வைத்து நடந்த குடும்பம், அதன் பின் வந்த வரிச்சுமை, 1946இன் கைமாற்றம் என்று வீட்டின் உண்மையான வரலாற்றுக்குள் அழைத்துச் செல்ல அதைவிட நல்ல வாயில் அந்த மாளிகையில் இல்லை.

இறுதியாக, எண்ணும் முறை. மூன்று மடங்கு என்ற செய்தி எல்லா இடத்திலும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் பூங்காவில் மட்டும் நடந்துவிட்டுப் போனவர் எத்தனை பேர், வீட்டுக்குள் நுழைந்தவர் எத்தனை பேர், அவர்களில் உறுப்பினர் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்த்தால்தான் எந்தத் தரைக்கு எவ்வளவு சுமை, அதை ஈடுசெய்ய எவ்வளவு பணம் என்ற கணக்கைப் போட முடியும். படப்பிடிப்புக்கு இசையும் எந்த மாளிகையும், ஒளிபரப்புக்கு முந்தைய ஆண்டிலேயே இந்தப் பிரிவுகளின்படி எண்ணத் தொடங்கிவிட வேண்டும்.